முதலில் கேட்ட செவி

சென்னையின் நடுத்தர வர்க்கத் தெருக்களில் ஒருவருடைய கசப்பான கடந்தகாலத்துக்குப் பெரும்பாலும் ஒரே சொல்தான் பெயராக வழங்கிவந்திருக்கிறது: கணவனைப் பிரிந்து பிறந்தகம் திரும்பியவள் ‘வாழாவெட்டி’, வன்முறைக்கு ஆளானவள் ‘கெட்டுப்போனவள்’, மதுவிலிருந்து மீள முடியாதவன் ‘குடிகாரன்’, மனநோய்க்கு மருந்து உண்பவர் ‘ஒரு மாதிரி’. ஒரே முற்றத்தையும் ஒரே குழாயையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட மயிலாப்பூர், திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தன வீடுகளில் தாராளமாகப் புழங்கிய இச்சொற்கள், அங்கிருந்து மேற்கு மாம்பலத்துக்கும், சேமிப்பையும் கடனையும் சேர்த்து மனை வாங்கித் தனி வீடு கட்டிக்கொண்ட அரசு ஊழியர்களோடு நங்கநல்லூருக்கும் குடிபெயர்ந்தன. சுற்றுச்சுவர் எழுந்தபின் சொல்லின் ஓசை குறைந்ததே தவிர, சொல் மறையவில்லை. தமிழ் நாவல் செய்த பெரிய காரியங்களுள் ஒன்று, தெரு ஒருவருக்குச் சூட்டிய அந்த ஒற்றைச் சொல்லை எடுத்து, முந்நூறு பக்கங்களுக்கு விரித்து, அதற்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்று காட்டியதாகும்.

துயரமான இறந்தகாலத்தைச் சுமப்பவர் அதிலிருந்து மீள முயலும் கதைகளுக்குத் தமிழில் தனிப்பெயர் ஏதும் நிலைபெறவில்லை. ‘தன்னம்பிக்கை நூல்’ என்று கடைகளில் அடுக்கப்படுபவை வேறு வகை. அவை வெற்றியிலிருந்து பின்னோக்கி எழுதப்படுபவை, எனவே அவற்றில் துன்பம் என்பது மேடையேறுவதற்கான படிக்கட்டாக மட்டுமே இருக்கும். நாவலோ துன்பத்துக்குள் நின்று எழுதப்படுவது. அதன் நாயகர் மீள்வாரா என்பது கடைசிப் பக்கம்வரை உறுதியில்லை, மீண்டபின்னும் அது மீட்சிதானா என்ற ஐயம் தொடரும். தமிழின் சிறந்த நாவல்களை இந்தக் கண்ணோடு அடுக்கிப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். பாத்திரத்தின் மன உறுதியைவிடவும், காயத்தை ஆற்றும் காலத்தைவிடவும், நடந்ததை அவர் முதன்முதலாக யாரிடம் சொன்னார், அந்தச் செவி அதை எப்படி வாங்கிக்கொண்டது என்பதே இக்கதைகளில் பெரும்பாலும் விதியைத் தீர்மானிக்கிறது.

இது தமிழ் மரபுக்குப் புதிய சிந்தனையன்று. சங்க அக இலக்கியத்தில் ‘அறத்தொடு நிற்றல்’ என்றொரு துறை உண்டு. தலைவி தன் மறைவான காதலைத் தாயிடம் நேரே சொல்வதில்லை. அவள் தோழிக்கும், தோழி வளர்ப்புத் தாயாகிய செவிலிக்கும், செவிலி பெற்ற தாயாகிய நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் எனப் படிப்படியாக உண்மை வெளிப்படும் முறைக்கு அப்பெயர். கபிலர் பாடிய 261 அடிகள் கொண்ட குறிஞ்சிப்பாட்டு முழுவதுமே தோழி செவிலியிடம் அவ்வாறு எடுத்துச் சொல்லும் பேச்சுதான். அங்கே வெளிப்படுவது காதலேயன்றிக் கொடுமை அன்று என்றாலும், உண்மை வெளிவரும்போது அது போய்ச் சேரும் செவிகளுக்கு ஒரு வரிசை வேண்டும், முதற்செவி பரிவுள்ளதாக இருக்க வேண்டும், சொல்லுவதற்கு ‘அறம்’ என்ற பெயரும் வேண்டும் என்று பழந்தமிழர் கருதியது நினைவில் வைக்கத்தக்கது. நகரத்து நாவலில் தோழி இல்லை, செவிலியும் இல்லை. மிஞ்சியிருப்பவர்கள் தாயும் அண்டை வீட்டாருமே.

இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்வியை முதலில் கூர்மையாக எழுப்பியது ஒரு நாவலன்று, ஒரு சிறுகதை. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாப விமோசனம்’, கல்லாகக் கிடந்து பெண்ணுருப் பெற்ற அகலிகையின் பின்வாழ்வைச் சொல்கிறது. இராமன் அவளைத் தூயவளாக்கிவிட்டான், கணவன் கௌதமன் ஏற்றுக்கொண்டான், ஆனாலும் ஊரின் பார்வை அவளை விடுவதாயில்லை. பின்னர் வனவாசம் முடிந்து திரும்பிய சீதை, தன்னைத் தீக்குளிக்கச் செய்த செய்தியை அவளிடம் சொல்லக் கேட்டதும், மன்னித்தவனே இப்படிச் செய்தானா என்ற அதிர்ச்சியில் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். மன்னிப்பு வேறு, மீட்சி வேறு என்பதைத் தமிழில் இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன படைப்பு அரிது. மன்னிப்பு மேலேயிருந்து வருவது. அதைத் தந்தவர் பிறிதோர் இடத்தில் மாறி நடந்தால், பெற்றவரின் நிலமே பிளந்துவிடுகிறது.

இராமாயணத்தின் அதே தீயைத் தலைப்பிலேயே ஏந்தி, 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்தது. மழை மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தியைப் பெரிய காரில் வந்த இளைஞன் ஒருவன் ஏற்றிச் சென்று கெடுத்துவிடுகிறான். வீடு திரும்பிய பெண் தாயிடம் நடந்ததைச் சொல்கிறாள். தாய் முதலில் அலறத்தான் செய்கிறாள். ஆனால் அக்கம்பக்கத்தவரின் காதில் விழுந்துவிடப் போகிறதே என்ற அச்சத்தில் சமாளித்துக்கொண்டு, மகளை உள்ளே அழைத்துச் சென்று, அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, அதையே நெருப்பாகப் பாவித்துக்கொள்ளச் சொல்லி, இத்துடன் நீ தூய்மையானாய், இதை யாரிடமும் சொல்லாதே என்ற பொருளில் தேற்றுகிறாள். கதை வெளியானதும் எழுந்த எதிர்ப்பும் ஆதரவும் தமிழ் இதழியல் வரலாற்றில் நிலைத்த செய்தி. மகளைத் தண்டிக்காத தாயை அன்றைய வாசகர் பலரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தண்டிக்கப்பட வேண்டியவன் காரில் போய்விட்டான் என்பது அவர்களுக்கு உறுத்தவில்லை.

ஜெயகாந்தன் வாதத்துக்குக் கட்டுரை எழுதிப் பதில் சொல்லியிருக்கலாம். அவர் செய்தது வேறு. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊர் கேட்க அலறியிருந்தால் அப்பெண் என்ன ஆகியிருப்பாள் என்ற கேள்வியை வைத்து ஒரு முழு நாவலையே எழுதினார். ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்து, 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலாகி, 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற அந்த நாவலின் நாயகிக்குக் கங்கா என்று பெயர். சிறுகதையும் நாவலும் ஒரே மழையில், ஒரே காரில் தொடங்கி, தாயின் வாயருகே பிரிகின்றன. ஒன்றில் தாய் வாயைப் பொத்திக்கொள்கிறாள், மற்றொன்றில் கத்திவிடுகிறாள். மீதமுள்ள நானூறு பக்கங்களும் அந்தக் கத்தலின் எதிரொலியே. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு செவிகளைக் கொடுத்து இரண்டு வாழ்க்கைகள் பிறப்பதைக் காட்டிய இத்தகைய இரட்டைப் படைப்பு உலக இலக்கியத்திலும் எளிதில் கிடைப்பதன்று.

கங்காவை அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். தஞ்சாவூரில் வழக்கறிஞராக இருக்கும் மாமா வெங்கட்ராமன் அடைக்கலம் தந்து படிக்க வைக்கிறார். கங்கா படித்து அதிகாரியாகிறாள், சென்னையில் நல்ல சம்பளத்தில் தாயுடன் வாழ்கிறாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மீண்டெழுந்த பெண்ணின் கதை. தன்னம்பிக்கை நூல் ஒன்று இந்த இடத்தில் மகிழ்ச்சியோடு முடிந்துவிடும். ஜெயகாந்தனின் நாவல் தொடங்குவதே இந்த இடத்தில்தான். படிப்பும் உத்தியோகமும் கங்காவுக்குச் சோற்றைத் தந்தன, ஆனால் அவளைப் பற்றிய சொல்லை மாற்றவில்லை. அடைக்கலம் தந்த மாமாவே அவளுடைய இரகசியம் தன் கையிலிருக்கும் துணிவில் அவளைத் தன் இச்சைக்கு இணங்க வைக்கப் பார்க்கிறார். இரகசியத்தைக் கேட்டவர் அதற்கு உரிமையாளராகிவிடும் அபாயத்தை இவ்வளவு அருவருப்போடு வேறெந்தத் தமிழ் நாவலும் காட்டவில்லை எனலாம்.

பிறகு வருகிறது நாவலின் மிகச் சாதுரியமான திருப்பம். தன்னைப் பற்றியதாகவே தோன்றும் ஒரு சிறுகதையைக் கங்கா வார இதழில் படிக்கிறாள், ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய அந்தக் கதையில் தாய் மகளைத் தண்ணீரால் தூய்மையாக்குகிறாள். கங்கா அதைத் தன் தாயிடம் படிக்கக் கொடுக்கிறாள். நீயும் இப்படிச் செய்திருக்கலாமே என்ற கேள்வியை மகள் வாய்விட்டுக் கேட்கத் தேவையில்லாதபடி அச்சிட்ட தாள் கேட்டுவிடுகிறது. அத்தாய் கொடியவளல்லள், அவளுடைய அலறல் துக்கத்தின் அலறலே. தவறு அலறியதில் இல்லை, கதவு திறந்திருந்ததில் இருக்கிறது. ஒண்டுக்குடித்தனத்தில் கதவு என்பது பெயரளவுக்குத்தான்.

மாமாவின் ஏளனம் கிளப்பிவிட்ட வீம்பில், தன்னைக் கெடுத்தவனைத் தேடிக் கண்டுபிடிக்கப் புறப்படும் கங்கா, மனைவியும் வளர்ந்த மகளும் உள்ள பிரபாகரனை, அதாவது பிரபுவைச் சந்திக்கிறாள். வஞ்சம் தீர்க்கும் கதையை எதிர்பார்க்கும் வாசகருக்கு இங்கே ஏமாற்றம்தான். அந்த மழைநாளைப் பற்றி வெட்கமின்றிப் பேசக்கூடிய ஒரே மனிதன் உலகத்தில் அவனே என்பதைக் கங்கா மெல்ல உணர்கிறாள். மற்றவர்களிடம் அவள் ஒன்று மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்க வேண்டும், அவனிடம் இரண்டும் வேண்டியதில்லை. காயப்படுத்தியவனே கேட்பவனாகவும் ஆகிவிடும் இந்தக் குரூரமான முரணைப் பெண்ணிய விமர்சகர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள்; கண்டனத்தில் நியாயம் உண்டு. எனினும் நாவல் அந்த உறவைக் கொண்டாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முடிவில் பிரபு விலகிப்போக, கங்கா மதுவில் சரிகிறாள். ஊர் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்த சொல்லைக் கடைசியில் உண்மையாக்கிக் காட்டுவதுபோல் அவள் நடந்துகொள்கிறாள். 1977இல் வந்த திரைப்படத்தில் இப்பாத்திரத்தை ஏற்ற லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. படத்தை இயக்கியவர் ஏ. பீம்சிங். கங்காவின் கதையை ஜெயகாந்தன் 1978இல் ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று மேலும் தொடர்ந்தார் என்றாலும், அதன் பலம் முதல் நாவலுக்கு ஈடானதன்று.

இந்த இடத்தில் மருத்துவ உலகம் பின்னால் வந்து சேர்ந்த கதையையும் பார்க்கலாம். கொடுமைக்கு ஆளானவர்களிடம் நிகழ்ச்சி முடிந்து பல காலம் சென்ற பின்னும் திரும்பத் திரும்ப வரும் நினைவு, திடுக்கிடல், உறக்கமின்மை, மரத்துப்போன உணர்ச்சி ஆகியவற்றை ஒருங்கே குறிக்கும் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்’ என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் ஏறியது 1980இல்தான். அமெரிக்க மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் மீட்சியை மூன்று நிலைகளாகப் பகுத்தார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நடந்ததை நினைவுகூர்ந்து துக்கங்காத்தல், பின்னர் மனிதரோடு மீண்டும் இணைதல். 2000ஆம் ஆண்டில் கிறிஸ் பிரூவினும் இரு சக ஆய்வாளரும் முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 14 காரணிகளை ஒப்பிட்டபோது, ஒருவரின் முந்தைய வாழ்க்கைப் பின்னணியைவிட, நிகழ்ச்சியின்போதும் அதற்குப் பிறகும் அமைந்த காரணிகளே, குறிப்பாக ஆதரவாக மனிதர் இல்லாமற்போனதே, அந்நோயோடு வலுவான தொடர்புடையவை எனக் கண்டனர். அலறிய தாய், பொத்திக்கொண்ட தாய் என்ற இருவரை ஜெயகாந்தன் படைத்தபோது இந்த ஆய்வுகளில் எதுவும் இல்லை.

ஆனால் பொத்திக்கொண்ட தாயும் முழு விடையன்று என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்பதில் பரிவும் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஹெர்மன் சொல்லும் முதல் நிலையை அவள் தந்துவிட்டு, இரண்டாம் நிலைக்கான வாசலைச் சாத்திவிடுகிறாள். சிறுகதை அந்த இடத்தில் முடிவதால் அப்பெண்ணின் நாற்பதாம் வயது எப்படியிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

பரிவோடு கேட்பதைத் தவிர இன்னொரு வகைச் செவியும் உண்டு. கேட்டுவிட்டுத் தன் கதையைப் பதிலாகத் தரும் செவி அது. அதைக் காட்டியது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, 1973இல் நூலான சிறிய நாவல். திரைப்படத்தில் இடம் பிடிக்க விரும்பி, பாஸ்கர் ராவ் என்ற திரையுலக ஆளால் பயன்படுத்தப்பட்டுவரும் ஜமுனாவும், இராணுவத்திலிருக்கும் கணவனுக்காகக் காத்திருக்கும் தங்கை சாயாவும், தண்ணீர் வராத சென்னைத் தெரு ஒன்றில் குடியிருக்கிறார்கள். தற்கொலைக்குத் துணிந்து தடைப்பட்ட ஜமுனாவிடம் அதே தெருவிலுள்ள டீச்சரம்மா பேசும் பகுதி, தமிழ் நாவல்களில் ஆறுதல் என்ற செயல் மிக விநோதமாக நிகழும் இடங்களுள் ஒன்று. டீச்சரம்மா உபதேசம் செய்வதில்லை, கண்ணீர் துடைப்பதில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதில்லை. பதினைந்து வயதில் இருமல்கார முதியவர் ஒருவருக்கு மணம் முடிக்கப்பட்டுத் தான் நடத்திவரும் வாழ்க்கையைச் சலிப்பும் எரிச்சலுமாக எடுத்துச் சொல்கிறாள். தன்னுடையது மட்டுமே துயரம் என்ற எண்ணம் ஜமுனாவிடமிருந்து அந்தப் பேச்சின் நடுவே கழன்று விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் செய்வது, தெருவிலுள்ள மற்றப் பெண்களோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைவதுதான்.

தோண்டிப்போட்ட பள்ளங்களையும், அடித்தடித்துத் தேய்ந்த கைப்பம்புகளையும், குடிநீரில் கழிவுநீர் கலந்து வரும் குழாய்களையும் அசோகமித்திரன் ஒரு மாநகராட்சி ஊழியரின் பொறுமையோடு விவரிக்கிறார்; ஒரு தனிமனுஷியின் மனச்சிக்கலுக்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று முதல் வாசிப்பில் தோன்றக்கூடும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது நங்கநல்லூர்ப் பகுதியில் லாரிக்குக் காத்திருந்த அனுபவமுள்ளவர்களுக்கு விடை சொல்லத் தேவையில்லை. லாரி எப்போது வரும் என்று தெரியாத தெருவில் யாரும் தம் துயரத்தோடு தனித்திருக்க முடியாது. குடங்களின் வரிசை யாரைப் பக்கத்தில் நிறுத்துகிறதோ அவரோடு பேசித்தான் ஆக வேண்டும். சங்கப் பாடலின் தோழியை நகரம் அந்த வரிசையில்தான் திருப்பித் தருகிறது, கொஞ்சம் சிடுசிடுப்பான தோழியாக. தோழமை உண்டாவதற்கு அன்பு முன்தேவையன்று, பொதுவான பற்றாக்குறை போதும் என்று காட்டியது இந்நாவலின் தனித்தன்மை. வெற்றி என்று எதையும் அறிவிக்காமலே ஜமுனாவை நிமிர்ந்து நிற்கவைத்த விதத்தில் இது ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைவிடவும் முதிர்ந்த படைப்பு.

கேட்க மனிதரே இல்லாதபோது தமிழர் கடவுளிடம் சொல்வார்கள். பிரதோஷ நாளில் நந்தியின் காதருகே குனிந்து குறையைச் சொல்பவர்களை எந்தச் சிவன் கோயிலிலும் காணலாம். நங்கநல்லூரில் 32 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயருக்கு வழங்கும் முழுப்பெயரில் ‘ஆதிவ்யாதிஹர’ என்றொரு அடைமொழி உண்டு. வடமொழியில் ‘ஆதி’ என்பது மனத்துன்பத்தையும் ‘வியாதி’ என்பது உடல்நோயையும் குறிக்கும் ஆதலால், இரண்டையும் போக்குபவர் என்பது அதன் பொருள். மனத்தின் நோயை உடலின் நோய்க்கு முன்னால் வைத்த அந்தச் சொற்சேர்க்கை பழையது; மனநல மருத்துவரைப் பார்க்கப் போவதை அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களும் அந்தப் பெயரைத் தயக்கமின்றி உரக்கச் சொல்லி வணங்குகின்றன.

கடவுளிடம் சொல்வது எங்கே உடையக்கூடும் என்பதைக் கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ காட்டியது. 1992இல் நூலாகி அடுத்த ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவலின் மகாலிங்கம், முருகனையே குருவாகப் பற்றிய பக்தன்; அவன் காதுகளுக்குள் ஆபாசமும் ஏளனமும் அச்சுறுத்தலுமாகக் குரல்கள் இடைவிடாது ஒலிக்கின்றன. இல்லாத குரலைக் கேட்கும் இந்நிலையை மருத்துவம் ‘செவிப்புலன் மாயை’ என்கிறது. வெங்கட்ராம் தாமே பல ஆண்டுகள் அனுபவித்த வேதனையை எழுதினார் என்பது அவரே வெளிப்படையாகச் சொன்ன செய்தி. மற்ற நாவல்களில் கேட்பதற்கு ஆள் இல்லாமல் மனிதர் வாடுகிறார்கள் என்றால், இங்கே ஒருவன் கேட்பதை நிறுத்த முடியாமல் வாடுகிறான். வறுமையும் குடும்பப் பொறுப்பும் அழுத்த, அவன் தான் வணங்கும் தெய்வத்தின் குரலுக்காகக் காத்திருக்கையில் வேண்டாத குரல்களே வருகின்றன. அவற்றை நம்பாமல் வெறுமனே கவனித்துக்கொண்டிருக்கும் அவனது பிடிவாதத்தையே மீட்சி என்று சொல்லலாம். நோய் தீர்ந்தது என்ற அறிவிப்பு நாவலில் தேவைப்படவில்லை. கரிச்சான் குஞ்சு 1978இல் வெளியிட்ட ‘பசித்த மானிடம்’ நாவலின் கணேசனும் இவ்வரிசையைச் சேர்ந்தவன். சிறுவயதில் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகிப் பின்னர்த் தொழுநோயும் பற்றிய அவனை, வெறுப்பின்றியும் இரக்கப் பிச்சையின்றியும் ஆசிரியர் பின்தொடர்கிறார்.

வெகுஜன இதழ்களின் நாவல்களைத் தீவிர விமர்சனம் இப்பட்டியலில் சேர்ப்பதில்லை, சேர்க்காதது பிழை. சிவசங்கரியின் ‘ஒரு மனிதனின் கதை’ குடிநோய்க்கு ஆளான தியாகுவின் வீழ்ச்சியைச் சொல்லி, ரகுவரன் நடித்த தொலைக்காட்சித் தொடராகவும் வந்து, குடியை ஒழுக்கக்கேடாக மட்டுமே பார்த்த வீடுகளில் அது ஒரு நோய் என்ற பேச்சைக் கொண்டுசேர்த்தது. குடும்பத்தலைவரின் குடியை விருந்தினரிடமிருந்து மறைப்பதையே தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்த பெண்கள், வரவேற்பறையில் எல்லாரும் சேர்ந்து அமர்ந்து அந்தத் தொடரைப் பார்க்கும் நிலை உருவானது சிறிய காரியமன்று. 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், மக்கள் வழக்கில் டி.டி.கே. மருத்துவமனை, அடையாறு இந்திரா நகரில் குடிநோய்ச் சிகிச்சை அளித்துவருகிறது; குடிநோயர் தம் கதையைத் தம்போன்றோர் முன்னிலையில் சொல்லிக் கேட்பதை அடிப்படையாகக் கொண்ட ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கமோ 1935இல் அமெரிக்காவில் தோன்றியது. டீச்சரம்மா ஜமுனாவுக்குச் செய்த அதே வேலையை அவ்வியக்கத்தின் கூட்டங்களில் வட்டமாகப் போட்ட நாற்காலிகள் செய்கின்றன.

வார இதழ்த் தொடர் என்ற வடிவமே ஒரு வகையில் கூட்டுச் செவிதான். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் வந்து, ஏழு நாள் பேச்சுக்கு இடம் விட்டு, அடுத்த அத்தியாயம் வரும். தொடர் முடிந்ததும் பக்கங்களைப் பிரித்தெடுத்து, நூலால் தைத்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்து வைத்த வீடுகள் மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் நிறைய. அத்தகைய தொகுதியில் கதைநாயகி உடைந்து அழும் பக்கத்தைத் திருப்பினால் பின்புறத்தில் தலைவலித் தைலத்தின் விளம்பரமோ பட்டுச்சேலைக் கடையின் தீபாவளி அறிவிப்போ இருக்கும். நூலாக மறு அச்சேறியபோது அந்த விளம்பரங்கள் போய்விட்டன, அவற்றோடு அக்கதையை அந்த வீடு எந்தக் காலத்தில், எந்தப் பேச்சுகளுக்கிடையே வாசித்தது என்ற தடயமும் போய்விட்டது.

மேலே பேசிய பாத்திரங்களில் பலர் நடுத்தர வர்க்கத்தவர், அவர்களிலும் பலர் உயர்சாதியினர். அவர்களுடைய துயரம் வீட்டுக்குள் நிகழ்ந்து தெருவால் பெருக்கப்படுவது. தெருவே துயரத்தின் பிறப்பிடமாக இருப்பவர்களின் கதை வேறு. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோது, சாதியின் பெயரால் சிறுமியாக இருந்தபோதே கற்பிக்கப்பட்ட இழிவும், அதிலிருந்து விடுபடத் தேர்ந்த கன்னியர் மடத்திலும் அதே பாகுபாடு காத்திருந்ததும், மடத்தை விட்டு வெளியேறித் திக்கற்று நின்றதும், காலவரிசையில் நில்லாமல் நினைவு வரும் போக்கில் சொல்லப்பட்டன. தன்வரலாறா நாவலா என்று விமர்சகர்கள் வாதிட்ட அந்நூலுக்குப் பாமா தம் ஊரின் பேச்சுமொழியையே எடுத்துக்கொண்டார். பனைமட்டையின் இரு ஓரத்திலும் இரம்பம் போலிருக்கும் முள்விளிம்புக்குக் கருக்கு என்று பெயர். பிடித்தவர் கையை அறுப்பதும் அதுவே, அறுக்க உதவுவதும் அதுவே. ஒருவரிடம் சொல்லி ஆறுதல் பெறுவது என்ற ஏற்பாடே இங்கே செல்லுபடியாகாது, ஏனெனில் கேட்க வேண்டியவர்களில் பெரும்பகுதியினர் அந்த அமைப்பின் பயனாளிகள். எனவே அந்நூல் ஆறுதலை நாடவில்லை, சான்றுரைக்கிறது.

ஈழத்திலிருந்து பிரான்சுக்குப் புலம்பெயர்ந்த ஷோபாசக்தி 2004இல் வெளியிட்ட நாவல் இந்த வழியில் இன்னும் தொலைவு போகிறது. 1983 ஜூலையில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அப்படுகொலையிலிருந்து உயிர்தப்பி ஐரோப்பாவில் வாழும் ஒருவனின் கதையைச் சொல்லும் அந்நாவல், வதைக்கப்பட்டவன் என்பதால் ஒருவன் தூயவனாகிவிட மாட்டான் என்ற கசப்பான உண்மையை, அவன் வீட்டுக்குள்ளேயே நிகழும் கொடுமையின் வழியாக வாசகர் முன் வைக்கிறது. மீட்சி நாவல்களின் வழக்கமான ஒப்பந்தத்தை, அதாவது துன்பப்பட்டவருக்கு நம் அன்பு தானாகக் கிடைத்துவிடும் என்ற ஏற்பாட்டை, அது முறித்துப்போடுகிறது. அந்நாவலுக்கு ஆசிரியர் வைத்த தலைப்பு ஓர் எழுத்துதான்: ‘ம்’. பாட்டியிடம் கதை கேட்கும் குழந்தை உறங்கிவிடவில்லை என்று காட்ட இடையிடையே கொட்டும் ஒலி அது. நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு எதையும் கேட்காமல் இருப்பவரின் வாயிலிருந்து வருவதும் அதே ஒலிதான்.